சியாங் மாயில் இருவராகச் சேர்ந்து தாய்லாந்துச் சமையல் கற்றல்: முழுமையான வழிகாட்டி

என் அம்மா நாற்பது ஆண்டுகளாகத் தேங்காய்ப் பாலில் குழம்பு வைப்பவர். வடதாய்லாந்தின் சியாங் மாய் நகரில் ஒரு சமையல் வகுப்பில் அவரும் நானும் அருகருகே நின்று, தாய்லாந்தின் பச்சைக் குழம்பு வைத்தோம். இருவரும் மாறிமாறி இடித்த ஒரே மசாலாச் சாந்து, ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்த தேங்காய்ப் பால். ஆனாலும் இறக்கிவைத்தபோது இரண்டும் இரண்டு குழம்புகளாக இருந்தன. ஆசிரியை இரண்டையும் சுவைத்துப் பார்த்து, அம்மாவின் குழம்பில் வெல்லம் போதவில்லை என்றும், என்னுடையதில் உப்பு முந்தி நிற்கிறது என்றும் சொன்னார். பிறகு அம்மாவின் கிண்ணத்திலிருந்து என்னைச் சுவைக்கச் செய்தார். தனியாகப் போயிருந்தால் அந்தப் பாடம் எனக்குக் கிடைத்திருக்காது. துணையோடு பயணம் செய்பவர்கள் இத்தகைய வகுப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படித் திட்டமிட்டால் இருவருக்கும் முழுப் பயன் கிடைக்கும் என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். துணை என்பது அம்மாவாகவோ, வாழ்க்கைத் துணையாகவோ, நண்பராகவோ இருக்கலாம், முறை ஒன்றுதான்.

ஊரும் பருவமும்

பாங்காக்கிலும் புக்கெட்டிலும் கூடச் சமையல் பள்ளிகள் உண்டு. ஆயினும் முதன்முறையாகக் கற்பவர்களுக்கு நான் சியாங் மாயையே பரிந்துரைப்பேன். 1296-இல் மங்ராய் மன்னர் நிறுவிய அந்நகரின் பழைய பகுதி, அகழி சூழ்ந்த ஒரு சதுரம். அதற்குள்ளேயே நடந்து செல்லும் தொலைவில் பள்ளிகள் பல இருக்கின்றன; சற்று வெளியே போனால், மூலிகைத் தோட்டத்தோடு கூடிய பண்ணைப் பள்ளிகள் இருக்கின்றன. செடியிலிருந்து இலையைக் கிள்ளி எடுத்துச் சமைக்க விரும்புபவர்களுக்குப் பண்ணை ஏற்றது. சந்தையின் பரபரப்பைப் பார்க்க விரும்புபவர்களுக்கு நகரம் ஏற்றது.

நவம்பர் முதல் ஜனவரி வரை வானிலை இதமாக இருக்கும். பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் வரை வயல்களிலும் காடுகளிலும் எரியும் தீயால் நகரைப் புகை சூழ்ந்துகொள்ளும். மூச்சுத் தொல்லை உள்ளவர் உடன் வருவதாக இருந்தால் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான் புத்தாண்டு. தெருவெல்லாம் தண்ணீர் விளையாட்டு நடக்கும், கடைகள் பலவும் மூடியிருக்கும். அந்த நாட்களைக் கொண்டாட்டத்துக்கு ஒதுக்கிவிட்டு, வகுப்பை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்தின் கடைசி நாளில் வகுப்பை வைத்துக்கொள்வது பலரும் செய்யும் தவறு. ஊர் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே சேர்ந்துவிட்டால், அதன்பின் நீங்கள் அமரும் ஒவ்வொரு உணவகமும், ஒவ்வொரு தள்ளுவண்டியும் பாடத்தின் தொடர்ச்சியாகிவிடும். கிண்ணத்தில் மிதக்கும் இலையின் பெயர் தெரிந்து உண்பதற்கும் தெரியாமல் உண்பதற்கும் எவ்வளவு வேறுபாடு என்பதை மூன்றாம் நாள் காலையிலேயே உணர்வீர்கள்.

வகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

அரை நாள் வகுப்பு நான்கைந்து மணி நேரமும், முழு நாள் வகுப்பு ஆறேழு மணி நேரமும் நடக்கும். ஒருவருக்கு 800 முதல் 1,500 பாட் வரை கட்டணம் இருக்கும். பெரும்பாலும் விடுதியிலிருந்து அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடுவதும், சந்தை உலாவும், சமையல் குறிப்புப் புத்தகமும் அதில் அடங்கும். காலை வகுப்பையே தேர்ந்தெடுங்கள். மாலையில் சந்தை ஓய்ந்திருக்கும்.

பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி அடுப்பு உண்டா, அல்லது இருவருக்கு ஒன்றா? குழம்புச் சாந்தை நாமே இடிக்க வேண்டுமா, அல்லது அரைத்து வைத்ததை எடுத்துக் கொடுப்பார்களா? உடன் வந்தவர்கள் வெவ்வேறு உணவு வகைகளைத் தேர்ந்தெடுக்கலாமா, அல்லது குழு முழுவதும் ஒன்றையே சமைக்க வேண்டுமா? இந்த மூன்றுக்கும் சாதகமான பதில் தரும் பள்ளி, குளிரூட்டிய கூடம் இல்லாததாக இருந்தாலும் போய்ச் சேரலாம். குழுவில் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் ஆசிரியரின் கவனம் சிதறும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உடன் வருபவருக்குச் சமைப்பதில் விருப்பமே இல்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். குறைந்த கட்டணத்தில் பார்வையாளராக வந்து சந்தையைச் சுற்றி, உண்டு செல்ல அனுமதிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. சுவைக்கும் நாக்கு ஒன்று அருகில் இருப்பதே பெரிய உதவி.

உணவு வகைகளைப் பிரித்துக்கொள்ளுதல்

வகுப்பில் பொதுவாக வதக்கல், சூப், குழம்பு, சாலட் அல்லது முன்னுணவு, இனிப்பு என ஐந்து பிரிவுகள் இருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு மூன்று உணவுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். இருவர் போகும்போது திட்டம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். நான்கு பிரிவுகளில் இருவரும் வேறு வேறு உணவைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் அரிசி நூடுல்ஸ் வதக்கலான பட் தாய் எடுத்தால் மற்றவர் துளசி வதக்கலான பட் கப்ராவ் எடுக்கட்டும். ஒருவர் புளிப்பும் காரமுமான தொம் யாம் சூப் வைத்தால் மற்றவர் தேங்காய்ப் பால் சேர்ந்த தொம் கா வைக்கட்டும். ஒருவர் பப்பாளிக்காய் சாலட்டான சோம் தாம் இடிக்கும்போது மற்றவர் போபியா என்னும் சுருளப்பம் சுற்றட்டும். இனிப்பில், மாம்பழத்தோடு ஒட்டரிசி ஒருவருக்கு, தேங்காய்ப் பாலில் வெந்த வாழைப்பழம் மற்றவருக்கு. இந்த வாழைப்பழ இனிப்பின் பெயர் க்ளுவாய் புவாட் சீ. வெண்ணிற ஆடை உடுத்தித் துறவு பூண்ட பெண்ணைப் போல வாழைப்பழம் வெள்ளைப் பாலில் மூழ்கியிருப்பதால் வந்த பெயர் அது.

குழம்பை மட்டும் இருவரும் ஒன்றாகவே தேர்ந்தெடுங்கள். சாந்து இடிக்க இரண்டு பேர் கை வேண்டும் என்பது ஒரு காரணம். ஒரே சாந்திலிருந்து இரண்டு பேர் வைக்கும் குழம்பை ஒப்பிட்டால்தான் கைப்பக்குவம் எங்கே மாறுகிறது என்பது புலப்படும் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

எந்தக் குழம்பு? பட்டை, கிராம்பு, ஏலக்காய், வேர்க்கடலை, உருளைக்கிழங்கு என வரும் மஸ்ஸமன் நம் குருமாவுக்கு உறவு. அதை வைக்கத் தமிழ்ச் சமையலறைக்கு அதிகம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே கேங் கியாவ் வான் எனப்படும் பச்சைக் குழம்பையே எடுங்கள் என்பேன். வடதாய்லாந்துக்கே உரிய காவ் சோய் பட்டியலில் இருந்தால் அதுவும் நல்ல தேர்வு. குழம்பில் முட்டை நூடுல்ஸும், மேலே பொரித்த நூடுல்ஸும், பக்கத்தில் ஊறுகாயாக்கிய கடுகுக்கீரையும் சின்ன வெங்காயமும் சேர்ந்து வரும் உணவு அது.

சைவமும் ஒவ்வாமையும்

அம்மா சைவம், நான் அசைவம். தாய்லாந்துச் சமையலில் மீன் சாறான நாம் ப்ளா, இறால் விழுதான கபி, சிப்பிச் சாறு ஆகிய மூன்றும் காய்கறி உணவிலும் கலந்துவிடும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் இவை நிற்கா. பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவித்துவிட்டு, வகுப்பு தொடங்கும்போது நேரிலும் சொல்லுங்கள். ‘மாய் சாய் நாம் ப்ளா’ என்றால் மீன் சாறு சேர்க்க வேண்டாம் என்று பொருள். ‘மாய் சாய் கபி’ என்றால் இறால் விழுது வேண்டாம். சைவ உணவுக்கு அங்கே இரண்டு சொற்கள் வழங்குகின்றன. மங்சவிரத் என்பது நம் காதுக்கு உடனே பிடிபடும், ஏனெனில் அது மாமிசம், விரதி என்னும் வடசொற்களிலிருந்து பிறந்தது. இதில் முட்டையும் பாலும் இருக்கலாம். ஜே என்பது அதைவிடக் கடுமையானது. முட்டை, பால் மட்டுமின்றிப் பூண்டு, வெங்காயம் போன்றவையும் அதில் விலக்கு. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து உள்ள கடைகள் ஜே உணவு விற்பவை.

சைவரும் அசைவரும் ஒரே சாந்தைப் பகிர்வதில் சிக்கல் ஏதும் இல்லை. கபி கடைசியாகச் சேர்க்கப்படும் பொருள் என்பதால், அதற்கு முன்பே சாந்தை இரண்டாகப் பிரித்து, ஒருவருடைய பங்கில் மட்டும் கலந்துகொள்ளலாம். கபி இல்லாத பங்குக்கு உப்பையும் சோயா சாஸையும் சற்றுக் கூட்ட வேண்டும். உரலைக் கழுவித் தரும்படி முதலிலேயே கேட்டுவிடுங்கள். முந்தைய வகுப்பின் கபி வாசம் கல்லில் தங்கியிருக்கும்.

வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் ‘பே துவா லிசோங்’ என்னும் தொடரை மனப்பாடம் செய்துகொள்ளட்டும். தாய்லாந்து எழுத்தில் எழுதிய சீட்டு ஒன்றும் கையில் இருக்கட்டும். பட் தாயிலும் சோம் தாமிலும் வேர்க்கடலை இருக்கும் என்பதால், உடன் சமைப்பவரின் தட்டிலிருந்து எடுத்துச் சுவைக்கும்போதும் கவனம் வேண்டும்.

சந்தையில்

நகரப் பள்ளிகள் பலவும் பழைய நகரின் வடகிழக்கில், மூன் முவாங் சாலையை ஒட்டிய சோம்பெட் சந்தைக்கு அழைத்துச் செல்லும். ஆசிரியர் விளக்கும்போது ஒருவர் கேட்கட்டும். மற்றவர் பொருளையும் அதன் பெயரையும் குறித்துக்கொண்டு படம் எடுக்கட்டும். இருவரும் படம் எடுக்கத் தொடங்கினால் இருவருமே கேட்க மாட்டீர்கள்.

தமிழர்களுக்கு இந்த அரைமணி நேரம் தனி மகிழ்ச்சி தரும். மக்குவா புவாங் என்று அவர்கள் பச்சைக் குழம்பில் போடும் குட்டிக் காய், நம் சுண்டைக்காய். வற்றலாகவே கண்டு பழகிய அம்மா, அது பச்சையாகக் கொத்துக் கொத்தாகக் குவிந்திருந்ததைப் பார்த்ததும் கையில் அள்ளி எடுத்து, “இதைப் போய் இங்கே பார்க்கிறேனே!” என்றார். கா எனப்படும் கிழங்கு, நாட்டு மருந்துக் கடையில் காய்ந்து கிடக்கும் பேரரத்தை. இஞ்சி போலத் தோன்றினாலும் முகர்ந்தால் பைன் மரத்தின் வாசம் வரும், இஞ்சியை அதற்கு மாற்றாகப் போடக் கூடாது. குழம்பில் கடைசியாகத் தூவும் ஹோரபா, திருநீற்றுப்பச்சிலையின் இனம். கப்ராவ் என்பது துளசியேதான். பூசைக்குரிய இலையை வாணலியில் வதக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஆசிரியையிடம் சொன்னதும் அவர் புரிந்துகொண்டு அவருக்கு வேறு வதக்கலை மாற்றித் தந்தார். அத்தகைய தயக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

மக்ரூட் எலுமிச்சை இலையை ஒன்றிரண்டாகக் கிழித்து முகர்ந்து பாருங்கள். வேப்பிலைக்கட்டி இடிக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு நாரத்தை இலை நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றல்ல, ஆனால் உறவினர். கொத்தமல்லியை அங்கே வேரோடு விற்பார்கள். வேர், பூண்டு, மிளகு ஆகிய மூன்றையும் சேர்த்து இடித்தால் வருவது ‘சாம் க்ளோ’, அதாவது மூன்று நண்பர்கள் என்னும் அடிப்படை விழுது. நாம் குப்பையில் போடும் வேர், அவர்களுக்குச் சமையலின் அடித்தளம்.

உரலில்

கனமான கருங்கல் உரலும் குழவியும் உங்கள் முன் வைக்கப்படும். தாய்லாந்து மொழியில் உரலுக்கு க்ரோக் என்று பெயர். மின் அரைவையில் தண்ணீர் விட்டு அரைத்தால் நார் அறுபடுமே தவிர நசுங்காது, எண்ணெயும் வெளிவராது. ஆகவே இடிக்கத்தான் வேண்டும்.

வரிசை முக்கியம். வறுத்த தனியா, சீரகம், வெள்ளை மிளகு ஆகியவற்றை முதலில் பொடித்துத் தனியே எடுத்துவையுங்கள். அடுத்து பச்சை மிளகாயும் கல்லுப்பும். உப்புக் கற்களின் உரசலில் மிளகாய் விரைவில் மசியும். பிறகு நார் மிகுந்தவை: பொடியாக நறுக்கிய பேரரத்தை, எலுமிச்சைப் புல்லின் அடித்தண்டு, மக்ரூட் எலுமிச்சைத் தோல், கொத்தமல்லி வேர். இவை நன்றாக மசிந்த பின்னரே ஈரம் மிகுந்த சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் விழுது வழுக்கும், நார் மசியாது. இறுதியில் பொடித்து வைத்ததையும், வேண்டியவர் கபியையும் கலக்க வேண்டும். ஒருவர் இடிக்கும்போது மற்றவர் ஒரு கையால் உரலின் வாயை மறைத்துக்கொண்டால் மிளகாய்ச் சாறு கண்ணில் தெறிக்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றுங்கள். இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். தனித்தனிப் பொருளின் வாசம் மறைந்து ஒரே மணம் எழுந்தால் சாந்து ஆகிவிட்டது.

சோம் தாமுக்கு வேறு உரல்: ஆழமான மண் உரல், மரக் குழவி. அங்கே நசுக்குவது போதும், ஒரு கையில் குழவி, மறு கையில் கரண்டியால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கருங்கல் உரலில் இடித்த வேகத்தில் இடித்தால் பப்பாளிக்காய் கூழாகிவிடும்.

அடுப்பில்

தமிழ்ச் சமையலில் கைதேர்ந்தவர்கள் தடுமாறும் இடம் தேங்காய்ப் பால். நாம் இரண்டாம் பாலில் வேகவைத்து, இறக்கும் முன் முதல் பாலை ஊற்றி, அது திரிந்துவிடாதபடி கொதி வருமுன் அடுப்பை அணைப்போம். அங்கே தலைகீழ். கெட்டியான முதல் பாலை வெறும் வாணலியில் ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே மின்னும் வரை வேண்டுமென்றே காய்ச்சுவார்கள். இதற்கு ‘தேக் மன்’ என்று பெயர். பிரிந்த அந்த எண்ணெயில்தான் சாந்து வதங்கும். பின்னரே காய், இறைச்சி, இரண்டாம் பால். அம்மாவின் கை பழக்கத்தால் இரண்டு முறை அடுப்பைக் குறைக்கப் போனது. ஆசிரியை சிரித்துக்கொண்டே மீண்டும் கூட்டிவிட்டார். வீட்டில் செய்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: சீராக்கிகள் சேர்த்து அட்டைப் பெட்டியில் வரும் பால் எளிதில் பிரியாது, புதிதாகப் பிழிந்ததே பிரியும்.

தொம் யாமில் எலுமிச்சைப் புல்லை நசுக்கி, மக்ரூட் இலையை நடு நரம்பு நீக்கிக் கிழித்துப் போட வேண்டும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகே பிழிய வேண்டும். கொதிக்கும்போது பிழிந்தால் கசப்பு ஏறும். இறால் சேர்த்துச் செய்யும் தொம் யாம் குங், யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2024-இல் இடம்பெற்றது.

பட் தாய்க்கான அரிசி நூடுல்ஸை வெந்நீரில் வேகவைக்காமல், குளிர்ந்த நீரில் வளையும் வரை ஊறவைக்க வேண்டும். மீதி வாணலியில் வேகும். ஒரு நேரத்தில் ஒரு தட்டு அளவே வதக்குங்கள். இருவருக்குமாகச் சேர்த்துப் போட்டால் நூடுல்ஸ் வதங்காமல் ஆவியில் குழையும்.

சுவை பார்த்தல்

பிரியோ என்றால் புளிப்பு, கெம் உப்பு, வான் இனிப்பு, பெட் காரம். இந்த நான்கு சொற்களையும் வகுப்புக்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள். ஆசிரியர் உங்கள் கரண்டியை வாங்கிச் சுவைத்துவிட்டுச் சொல்வது இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். குறிப்புப் புத்தகத்தில் ‘மீன் சாறு 1 மேசைக்கரண்டி’ என்று இருந்தாலும், எலுமிச்சையின் புளிப்பும் வெல்லத்தின் இனிப்பும் ஒவ்வொரு முறையும் மாறும்போது அந்த அளவு தொடக்கம் மட்டுமே.

நாங்கள் கைக்கொண்ட முறை இது. முதலில் சமைத்தவர் தன் உணவைச் சுவைத்து, எந்தச் சுவை முந்துகிறது, எது பின்தங்குகிறது என்று மனத்துக்குள் முடிவு செய்துகொள்வார். பிறகு உடன் வந்தவர், தான் உண்ணக்கூடிய உணவாக இருந்தால், சுவைத்து வாய்விட்டுச் சொல்வார். இரண்டும் பொருந்தினால் திருத்தம் எளிது. பொருந்தாவிட்டால் ஆசிரியரை அழைப்போம். நான் உப்பை அதிகம் கேட்பவள் என்பதையும், அம்மா குழம்பில் இனிப்பு வந்தாலே ஒதுங்குபவர் என்பதையும் ஐந்து உணவுகளில் ஐந்து முறையும் கண்டோம். சைவர், அசைவரின் கிண்ணத்தைச் சுவைக்க இயலாது. அங்கே அசைவர் மட்டும் இரண்டையும் சுவைத்துச் சொல்ல வேண்டியிருக்கும். கரண்டிகளைக் கலக்காமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

உண்ணுதல்

காலையில் கால் வயிறு மட்டும் உண்டு போங்கள். தட்டுகளை நடுவில் வைத்து, வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி கொண்டு சோற்றோடு பகிர்ந்து உண்பதே அங்கே வழக்கம். முள்கரண்டி கரண்டிக்கு உணவைத் தள்ளிக் கொடுப்பதற்கு, வாய்க்குக் கொண்டுபோவதற்கு அன்று. ஒட்டரிசியைக் கையால் உருட்டி உண்ணலாம். மிஞ்சியதைக் கட்டித் தரச் சொன்னால் இரவு உணவுக்கு ஆகும்.

ஊர் திரும்பியபின்

மீன் சாறு, சாஸ் புட்டிகள் 100 மில்லிக்கு மேல் இருந்தால் கைப்பையில் அனுமதி இல்லை. பெரிய பெட்டியில் வையுங்கள். செடி, வேர், விதை, பசுமையான இலை ஆகியவற்றை இந்தியாவுக்குக் கொண்டுவரத் தாவர நோய்த்தடுப்பு விதிகள் கட்டுப்பாடு விதிக்கின்றன. ஆசைப்பட்டாலும் மக்ரூட் இலையைக் கட்டி எடுத்து வராதீர்கள். கருங்கல் உரலை வாங்கிச் சுமக்கவும் வேண்டாம். வீட்டு இடிகல்லோ அம்மியோ அதே வேலையைச் செய்யும்.

ஒரு வாரத்துக்குள் பச்சைக் குழம்பை மீண்டும் இருவருமாகச் சமைத்துவிடுங்கள். நாக்கின் நினைவு அதற்குமேல் மங்கும். அங்கே பயன்படும் வெல்லம் பெரும்பாலும் தென்னம்பாளைப் பதநீரிலிருந்து வருவது; கருப்பட்டியின் புகைமணம் குழம்பை ஆட்கொள்ளும் என்பதால், தென்னை வெல்லம் கிடைக்காவிட்டால் வெளிறிய கரும்பு வெல்லத்தைச் சிறிதளவு போடுங்கள். உலர்ந்த பேரரத்தையை ஊறவைத்துச் சாந்தில் இடிக்கலாம். சூப்புக்கு அது போதாது. மக்ரூட் இலை கிடைக்காத நாளில் இளம் நாரத்தை இலையைப் பாதி அளவு போட்டுப் பார்த்தோம். வேறு குழம்பாகத்தான் வந்தது, ஆனால் நல்ல குழம்பாக வந்தது. கொத்தமல்லிக் கட்டின் வேரை இப்போது எங்கள் வீட்டில் வெட்டி எறிவதில்லை. அம்மா அதை மண் போகக் கழுவி, துணியில் உலர்த்தி, ஃப்ரீசரில் ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கிறார். டப்பா நிறைந்தால் அந்த ஞாயிறு இடிகல் வெளியே வரும்.